குழப்படியும் விசாரணையும்

வகுப்பறையில் மாணாக்கர் செய்யும் சிறு பிழைகள் அனைத்துக்கும் இலங்கைத் தமிழர் பொதுப்பெயராக வழங்கிவரும் சொல் 'குழப்படி' என்பதாகும். பாடம் நடக்கும்போது அயலில் இருப்பவனோடு கதைப்பதும் குழப்படி. பிந்தி வந்து கதவைத் தள்ளுவதும் குழப்படி. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய கணத்திற் பின்வாங்கிலிருந்து எழும் பூனைக்குரலும் குழப்படியே. தாய் தன் மகவைப்பற்றி அயல்வீட்டாரிடம் முறையிடும்போதும் இச்சொல்லையே ஆள்கிறாள். அப்போது அதிற் சலிப்பு ஒரு பங்கும் பெருமிதம் இரு பங்கும் கலந்திருக்கக் காண்கிறோம். அதே பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகத்திலோ ஆசிரியர் கலாசாலையிலோ தொழில்நுட்பக் கல்லூரியிலோ சேர்ந்துவிட்டால், அதே செய்கைக்கு 'ஒழுக்கமீறல்' என்று பெயர் மாறுகிறது. பெயர் மாறியவுடன் கோப்பு திறக்கப்படுகிறது. கோப்பு திறந்தபின் அந்தப் பிள்ளையின் முகம் எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. குழப்படிக்கும் கோப்புக்கும் இடைப்பட்ட வெளியிற் கல்லூரி ஆசிரியன் செய்யக் கடவது யாது என்பதையே இங்கு ஆராய முயல்கிறேன். ஆராயும் இடம் ஊவா மலைநாடு. அதிலும் சிறப்பாக, பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் வீதியில், ஹொப்டன், அடாவத்தை முதலிய தேயிலைத் தோட்டங்கள் சூழக் கிடக்கும் லுணுகலை.

இவ்விடத்தைத் தேர்ந்ததற்கு நான் அவ்வூரான் என்பது ஒரு காரணம். முழுக் காரணம் அதுவன்று. ஒழுங்கு என்னும் கருத்து இம்மலைகளுக்குப் பள்ளிக்கூடத்தின் வழியாக வரவில்லை. பெரட்டுக்களத்தின் வழியாக வந்தது. இருள் பிரியுமுன் தப்பு முழங்க, லயங்கள் என்னும் வரிசைக் குடியிருப்புகளிலிருந்து இறங்கிவந்து வரிசையில் நின்று, கங்காணி எண்ண, கணக்கப்பிள்ளை செக்ரோல் என்னும் வரவுப் பதிவேட்டிற் குறிக்க, அன்றைய வேலைக்கு ஏவப்பட்ட மக்கள், ஒரு நாட் சம்பளத்தைப் 'பேர்' என்றே அழைத்தனர், பிந்தியவனுக்கு அரைப்பேர், எதிர்த்துப் பேசியவனுக்குப் பேரே இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச்சட்டம், வேலைக்கு வராமை, கீழ்ப்படியாமை, துடுக்கு ஆகியவற்றை, எசமானுக்கும் ஏவலாளனுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் விவகாரமாக விட்டுவைக்காமல், சிறைக்குரிய குற்றங்களாகவே ஆக்கிற்று. தோட்டம் மாறுவோனின் கடனைச் சுமந்துகொண்டு அவனோடு கூடவே நடந்த 'துண்டு' 1921இல் ஒழிந்தது. தண்டப் பிரிவுகளும் அக்காலத்தையொட்டி நீங்கின. சட்டம் போயிற்று என்பது மெய். அதன் பாஷை போயிற்றா என்பது வேறு வினா. வராமை, பிந்துதல், கீழ்ப்படியாமை, துடுக்கு என்னும் இச்சொற்களைப் பழைய கட்டளைச்சட்டத்திற் பார்த்தபின் ஏதேனும் ஒரு கல்லூரியின் ஒழுக்காற்று விதிகளை எடுத்து வாசிப்பவர், நெடுநாட் பழகிய முகங்களைக் காண்பதுபோலத் திடுக்கிடுவார்.

தோட்டப் பள்ளிக்கூடமும் இவ்வொழுங்கின் நிழலிலேயே முளைத்தது. 1920ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச்சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையுள்ள தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்டத் துரையின் கடமையாக்கியது; துரைக்குக் கடமையான கருமம், கணக்கப்பிள்ளைக்கும் எழுத்தறிந்த கங்காணிக்கும் உபரி வேலையாக முடிந்த இடங்கள் பல. ஓர் அறை, ஐந்து வகுப்பு, ஓர் உபாத்தியாயர். இத்தகைய அறையிற் பிரம்பு தண்டனைக் கருவியாக மட்டும் இருப்பதில்லை. மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லும் வேளையில் முதலாம் வகுப்பை அமர்த்திவைக்கும் இரண்டாவது உபாத்தியாயராகவே அது ஆகிவிடுகிறது. அதனைக் கொடுமை என்ற ஒரே சொல்லால் அடித்துவிட்டுப் போவது, அந்த அறையில் ஆயுளைக் கழித்தவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி என்பது என் அபிப்பிராயம். 1945இன் இலவசக் கல்வி இலயங்களை எட்டாமற் கடந்து போயிற்று; தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்தது 1970களிலேதான். பின்னர் 2005இற் பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் தோன்றி, தேயிலைத் தொழில்நுட்பமே பட்டப் பாடமாயிற்று. 2015ஐ அடுத்து ஏறத்தாழ 3000 மலையக இளைஞர், மாதம் 6000 ரூபாக் கொடுப்பனவில், 'ஆசிரிய உதவியாளர்' என்னும் பெயரோடு வகுப்பறைகளுக்குள் அனுப்பப்பட்டனர். கலாசாலையிற் பயிற்சி பெற வந்த அவ்விளைஞரின் நிலை விசித்திரமானது: தம் பாடசாலையில் நாற்பது பிள்ளைகளை 'வாயை மூடு' என்று அடக்கியவர்களே, இங்கே பின்வாங்கில் அமர்ந்து தாமும் கிசுகிசுத்தார்கள். அடக்குவோனும் அடங்காதவனும் ஓருடலிற் குடியிருந்ததை நான் பிரத்தியட்சமாகக் கண்டது அப்போதுதான்.

தமிழ் மரபு இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று தேடுவோர் நன்னூலின் பொதுப்பாயிரத்துக்கே செல்வர். சென்று, அன்னம், பசு, கிளி, ஆடு, எருமை, ஓட்டைக்குடம் என மாணாக்கரைப் பவணந்தியார் தரம் பிரித்ததை எடுத்துக்காட்டி, கடைமாணாக்கர்மேல் ஒரு பெருமூச்செறிந்துவிட்டு மீள்வர். ஆயின் அப்பாயிரத்தின் வரிசையைக் கவனிப்போர் அருகியே காணப்படுகின்றனர். மாணாக்கனைப்பற்றிப் பேசுமுன் அது ஆசிரியனைப்பற்றிப் பேசுகிறது. நல்லாசிரியனைச் சொன்ன கையோடு, ஆசிரியன் ஆகத் தகாதவனையும் நான்கு உவமைகளால் அறைகிறது. இட்ட முறை பிறழ்ந்து காய்கள் வெளிவரும் கழற்குடம், ஏறவொட்டாத மடற்பனை, அடைப்பதும் எடுப்பதும் அரிதான பருத்திக் குண்டிகை, நீர் வார்த்தவனை விட்டு அயலான் முற்றத்தில் இளநீர் சொரியும் முடத்தெங்கு ஆகியனவே அவை. கழற்குடம் போன்றவனின் வகுப்பிற் சந்தடி எழாதிருந்தாலன்றோ வியப்பு? இந்நூலுக்குக் காண்டிகையுரை கண்ட ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். இலக்கணமாகக் கற்ற பாயிரத்தை நடைமுறையாகவும் ஆராயும் வாய்ப்பு அவருக்கு இருந்தது.

குற்றத்தை விசாரிக்கும் முறையில் வேறொரு பழைய பரிசோதனையும் நம் மண்ணிலேயே நடந்தது. 1789 முதல் 1796 வரை சென்னை எழும்பூரில் படைவீரரின் ஆண்பிள்ளைகளுக்கான ஆதரவில்லத்தை நடத்திய அந்திரூ பெல் என்னும் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் எழுதிப் பழகும் சிறுவரைக் கண்டு, மூத்த மாணவனே இளையவனுக்குக் கற்பிக்கும் 'சென்னை முறை'யை வகுத்தார் என்பது யாவரும் அறிந்ததே. அறியப்படாதது, அவர் வைத்திருந்த கறுப்புப் புத்தகம். சோம்பல், பொய், சண்டை எனப் பிள்ளைகள் புரிந்த பிழைகள் அதில் அன்றன்றே எழுதப்படும். வாரத்துக்கு ஒருமுறை பள்ளி முழுவதும் கூடியிருக்க அவை வாசிக்கப்படும். தீர்ப்புச் சொல்வோர் சிறுவரே அடங்கிய யூரிமார். சிறுவர் நீதிமன்றத்திற் கொடுமை நேராதென்று எவரும் உறுதி கூறமுடியாது. எனினும், குற்றஞ்சாட்டியவனே தீர்ப்பும் சொல்லித் தண்டமும் விதிக்கும் பெரட்டுக்கள நியாயத்திலிருந்து அஃது ஓரடி விலகி நின்றது. கோபத்துக்கும் தண்டனைக்கும் நடுவே ஒரு புத்தகமும் சில நாட்களும் அங்கே இருந்தன.

இவ்வளவும் படித்திருந்த நானே பிழைவிட்ட கதையொன்றை இங்கு சொல்லியாக வேண்டும். வேறொரு மாவட்டத்துக் கல்லூரியில் நான் ஆங்கிலத்தில் விரிவுரை நிகழ்த்திக்கொண்டிருந்தேன். மூன்றாம் வரிசையில், லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த மாணவி, அருகிலிருந்தவளின் காதில் ஓயாமற் கிசுகிசுத்தவண்ணமிருந்தாள். இருமுறை பார்வையால் எச்சரித்தேன். மூன்றாம் முறை பெயர் சொல்லி எழுப்பி வெளியே அனுப்பினேன். அவள் மறுசொல் பேசாது போனாள், வகுப்பு அன்று மாலைவரை ஊசி விழுந்தாலும் கேட்கும் அமைதியில் இருந்தது, நானும் திருப்தியடைந்தேன். அடுத்த வாரம், அனுப்பப்பட்டவள் வந்தாள்; அருகிலிருந்தவள் வரவில்லை. தேடிப்பிடித்துக் கேட்டபோது, "சேர், அவ தமிழ்ல சொல்லித் தந்தாத்தான் எனக்கு வெளங்கும். இப்ப அவ வாயே தொறக்க மாட்டேங்கிறா" என்றாள். நான் குழப்படி என்று கருதியது மொழிபெயர்ப்பு. ஆனால் இன்றுவரை என்னை உறுத்துவது அந்தப் பிழையன்று, முதல் மாணவியின் மௌனமே. 'இவளுக்கு விளக்கம் சொன்னேன்' என்ற ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. அதை அவள் சொல்லவில்லை. ஏவியபோது வரிசை விட்டு நகர்வதும், காரணம் சொல்வதைத் துடுக்கென எண்ணுவதும் அவளுடைய பாட்டன் பாட்டிமார் பெரட்டுக்களத்திற் பயின்று விட்டுச்சென்ற வித்தை.

கல்லூரி வகுப்பில் நேர்ந்த இத்தகையதொரு சிறு சம்பவமே ஓர் ஆராய்ச்சிக்குத் தோற்றுவாயான வரலாறும் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின், மனநலம்பற்றிய தம் வகுப்பில் (மனநல வகுப்பில் என்பதைக் கவனிக்க) பின்வரிசையிற் செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்த மாணவனைக் கடிந்தார். கடியப்பட்டவனைக் காட்டிலும் கடியப்படாதவர்களே பெரிதும் மாறிப்போனதைக் கண்டார்: கடைக்கண் பார்வைகள் மறைந்தன, காதோடு பேச்சு நின்றது, கண்கள் குறிப்பேட்டிற் கவிழ்ந்தன. குளத்தில் எறிந்த கல்லின் அலைபோற் பரவும் இவ்விளைவை ஆராயப் புகுந்தவர், பல ஆண்டு ஆய்வுக்குப்பின் 1970இல் வெளியிட்ட நூலிற் கண்ட முடிபு அவரையே வியக்கவைத்தது. குழப்படி நிகழ்ந்தபின் ஆசிரியர் எவ்வாறு கண்டித்தார் என்பது, அவர் வகுப்பு ஒழுங்காக நடந்ததா இல்லையா என்பதை நிர்ணயிக்கவில்லை. கோபமாகச் சொன்னாலும் சாந்தமாகச் சொன்னாலும் பெருவேறுபாடில்லை. நிர்ணயித்தது அதற்கு முன்னிருந்த நிலை: அறையின் நான்கு மூலையிலும் நடப்பதை இவர் அறிவார் என்று பிள்ளைகள் உணர்ந்தார்களா, பாடம் தடங்கலின்றி ஓடிற்றா என்பவையே. என் வகுப்பில் நான் ஒலியைக் கேட்டேன், நடப்பதை அறியவில்லை.

அதன்பின் நான் கைக்கொண்ட வழக்கங்கள் சிலவே. பிறர் கற்பதைக் கெடுக்கும் செய்கையையும் என் அகங்காரத்தை மட்டும் கெடுக்கும் செய்கையையும் பிரித்தறிய முயல்கிறேன். தூங்குபவன் இரண்டாம் வகையினன், பெரும்பாலும் இரவு வேலை செய்பவன். வகுப்பு முடிந்தபின் தனியே அழைத்து, 'ஏன் செய்தாய்' என்று கேளாமல், 'என்ன நடந்தது' என்று கேட்கிறேன். 'ஏன்' என்னும் சொல் மலைநாட்டுப் பிள்ளையின் காதில் தண்டனையின் முதலெழுத்தாகவே விழுகிறது. நடந்ததை அன்றே திகதியிட்டு எழுதிவைக்கிறேன், மாணவன் சொன்னதையும் அவன் சொன்னவாறே சேர்த்து. பிந்தி வருவோரைப்பற்றி முன்னர் கடுமையாயிருந்தேன். 2021 மார்ச்சில், லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பேருந்து பசறை 13ஆம் மைல்கல்லருகே பள்ளத்தில் வீழ்ந்து பல உயிர்கள் மாண்டபின், அவ்வீதியிற் பேருந்து விரைந்து வரவேண்டுமென்று என்னால் விரும்ப முடியவில்லை. கையோங்கும் மாணவன், அச்சுறுத்தும் மாணவன், பரீட்சையிற் களவு செய்பவன் ஆகியோர் விஷயம் வேறு. அங்கே ஆசிரியன் தனியனாக நின்று தீர்ப்புச் சொல்லலாகாது, நிறுவனமே விசாரிக்கவேண்டும்.

நிறுவனம் எவ்வாறு விசாரிக்க வேண்டும் என்பதில் இலங்கையே உலகுக்கு ஒரு வழக்கை ஈந்திருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1952இல் விலங்கியல் இறுதிப் பரீட்சை எழுதிய பெர்னாந்து என்னும் மாணவர், மொழிபெயர்ப்பதற்கென வினாத்தாளில் வந்த ஜெர்மன் பந்தியை முன்கூட்டியே அறிந்திருந்தார் என்று குற்றஞ்சாட்டப்பட்டார். உடன் பரீட்சையெழுதிய மாணவியொருவரே முதன்மைச் சாட்சி. உபவேந்தர் உள்ளிட்ட குழு, சாட்சியையும் மாணவரையும் தனித்தனியே விசாரித்து, குற்றம் மெய்யென்று கண்டது. காலவரையறையின்றிப் பரீட்சைகளினின்றும் அவர் விலக்கப்பட்டார். சாட்சியை நேரில் வினவத் தமக்கு வாய்ப்புத் தரப்படவில்லை என்று அவர் நீதிமன்றம் சென்றார்; மாவட்ட நீதிமன்றத்தில் தோற்று, உயர்நீதிமன்றத்தில் வென்று, 1960இல் இலண்டன் கோமறைக் கழகத்தில் மீண்டும் தோற்றார். குற்றச்சாட்டு இன்னதென அறிவிக்கப்பட்டிருந்தது, தம் பக்கத்தைச் சொல்ல இடம் கிடைத்தது, சாட்சியை வினவ வேண்டுமென்று அவர் கேட்கவேயில்லை. கேட்டு மறுத்திருந்தால் நிலை வேறாயிருக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். இயற்கை நீதியைக் கற்போர் ஆங்கிலச் சட்ட உலகெங்கும் இவ்வழக்கை இன்றும் வாசிக்கின்றனர். வாசிக்குந்தோறும் எனக்கு என் மாணவி நினைவுக்கு வருகிறாள். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும் என்பது, கேட்கலாம் என்று அறிந்தவனுக்கே பொருந்தும் நியாயம். பல்கலைக்கழகத்தை எதிர்த்து மூன்று நீதிமன்றங்கள் ஏறிய ஒருவரைப்பற்றி அது பொருந்திற்று. வெளியே போ என்றவுடன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்தவளுக்குப் பொருந்துமா? விசாரிப்போரே முன்வந்து 'இன்னதைக் கேட்க உனக்கு உரிமை உண்டு' என்று சொல்லவேண்டும் எனச் சட்டம் விதிக்கவில்லை. ஆசிரியத் தொழில் விதிக்கிறது என்பேன்.

உடற்றண்டனை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கல்வியமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை பாடசாலையில் அதனைத் தடுத்தது. ஆசிரியர் அறைந்ததாற் செவிப்புலன் பாதிக்கப்பட்டதென்று முறையிட்ட மாணவனொருவனின் வழக்கில், அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை மீறப்பட்டதென உயர்நீதிமன்றம் 2021இல் தீர்த்தது. ஆயினும் அடியைக் காட்டிலும் நீண்டகாலம் உடம்பில் தங்குவது முழந்தாளிடுவித்தல். அது நோவுக்காகச் செய்யப்படுவதன்று. பிறர் காணவேண்டும் என்பதற்காகச் செய்யப்படுவது. 2018 ஜனவரியில், மாணவியொருவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்ததற்காகப் பதுளைத் தமிழ் மகளிர் பாடசாலையின் அதிபர், மாகாண முதலமைச்சர் முன்னிலையில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்கவைக்கப்பட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்து, நாடெங்கும் ஆசிரியர்கள் கொதித்தெழ, முதலமைச்சர் கைதாகிப் பிணையில் விடுவிக்கப்பட்டார். நாமும் கொதித்தோம், கொதித்தது நியாயமே. எனினும் அவ்வாரம் ஆசிரியர் ஓய்வறையில் நடந்த பேச்சுகளின் நடுவே, வகுப்பறை மூலையில் முழந்தாளிட்டு நின்ற எண்ணிறந்த பிள்ளைகளை ஒருவரும் நினைவுகூரவில்லை என்பதைக் கவனித்தேன். நானும் வாய்திறக்கவில்லை.

மாணவர் மாணவரையே வதைக்கும் கொடுமைக்கு நம்மவர் இட்ட பெயர் 'பகிடிவதை'. பகிடி என்றால் விளையாட்டு. செய்பவன் முதற்பாதியைச் சொல்லித் தப்புகிறான், படுபவன் பிற்பாதியைச் சொல்ல அஞ்சுகிறான். சிதம்பரத்தில் 1996இல் மருத்துவ மாணவரொருவர் கொலையுண்டபின் தமிழ்நாடு 1997இற் சட்டம் இயற்றியது. பேராதனையில் 1997இற் பொறியியல் மாணவரொருவர் மாண்டபின் இலங்கை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. இரண்டு கரையிலும் சட்டத்துக்குமுன் ஒரு பிணம் வேண்டியிருந்தது. பகிடிவதைக்கு இரண்டாண்டு வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தாற் பத்தாண்டு வரையும் சிறை விதிக்கும் இலங்கைச் சட்டம் கடுமையிற் குறைந்ததன்று. குறைவாயிருப்பது முறைப்பாடு. வாய்பேசாமையைப் பணிவென்று புகழ்ந்து பத்தாண்டு பள்ளியில் வளர்த்துவிட்டு, பதினோராம் ஆண்டில் 'ஏன் வந்து சொல்லவில்லை' என்று வினவுகிறோம்.

இறுதியாக, எந்த விதிநூலும் கவனிக்காத ஒரு சிறு பொருளைப்பற்றிச் சொல்லவேண்டும், அது முகவரி. இலயத்தில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்குத் தனி இலக்கமோ தனி முகவரியோ கிடையா. கடிதங்கள் தோட்டத்தின் பெயருக்கு வந்து, தோட்ட அலுவலகத்திற் கிடந்து, யாரேனும் எடுத்துச் செல்லும் நாளில் வீடு சேரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்தபின் கிடைத்த கதையைக் கேளாத மலையக இளைஞர் அரியர். ஒருகாலத்தில் நான் அங்கம் வகித்த ஒழுக்காற்றுக் குழுவொன்றில், மாணவனொருவனின் கோப்பில் 'அறிவித்தும் சமுகமளிக்கவில்லை' என்றெழுதி, ஒருதலைப்பட்சமாகத் தீர்மானித்து, ஒரு பருவத்துக்கு வகுப்புத் தடை விதித்தோம், நானும் கையொப்பமிட்டேன். மூன்று வாரம் கழிந்து அவன் வந்தான். கையில் எங்கள் பதிவுத்தபால் உறை, பிரித்தபடி. அலுவலக முத்திரைத் திகதி விசாரணைக்கு முந்தியது. அவன் தாயின் கையில் அது சேர்ந்த நாள், விசாரணைக்கு ஒன்பது நாள் பிந்தியது. உள்ளேயிருந்த கடிதமோ ஆங்கிலத்தில் இருந்தது. கடைக்காரரிடம் கொடுத்து வாசிப்பித்ததாகச் சொன்னான். தடையை நீக்கி, விசாரணையை முதலிலிருந்து தொடங்கினோம். குற்றத்தில் ஒரு பகுதியை அவன் அப்போது தானாகவே ஒப்புக்கொண்டான்.

அவ்வாண்டு முதல் எங்கள் சேர்வுப் படிவத்தில், முகவரிக் கட்டத்தின்கீழ், 'கடிதத்தை உங்கள் கையில் தருபவர் யார்' என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டோம். சிலர் கோயிற் பூசகரின் பெயரை எழுதுகிறார்கள். சிலர் தங்கையின் கைப்பேசி இலக்கத்தை. லுணுகலையிலிருந்து வந்த ஒருவன் கணக்கப்பிள்ளையின் பெயரை எழுதி, பின்பு அதனைக் கோடிட்டு அடித்திருந்தான்.